பட்டறைப் பதில்கள்: பிளேடு தேய்கிறதா, நாம் தேய்க்கிறோமா?

போன மாதம் உளி தீட்டுவது பற்றி எழுதப்போக, வந்த கடிதங்களில் முக்கால்வாசி மரம் அறுக்கும் மிஷின் பிளேடு பற்றிய புலம்பல். சரி, இந்த மாதம் அதையே எடுத்துக்கொள்வோம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் சாணைப் பட்டறைக்கு வரும் பிளேடைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினால், அது யாரிடம் என்ன பாடு பட்டது என்று ஓரளவு தெரிந்துவிடும். கடிதத்தில் நாடி பார்ப்பது அதைவிடக் கஷ்டம். பார்க்கிறேன்.

கேள்வி: ஏழு இஞ்ச் மிஷினுக்கு 60 பல் பிளேடு நல்ல விலை கொடுத்து வாங்கினேன். ஒன்றரை இஞ்ச் தேக்குப் பலகைகளை நீளவாக்கில் கிழித்தேன். நாலே நாளில் புகைகிறது, அறுத்த இடமெல்லாம் கருகல். கடைக்காரர் போலி பிளேடைத் தலையில் கட்டிவிட்டாரா?
— வாசகர், ஓமலூர்

தம்பி, கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

உன் மிஷின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள். 60 பல் என்றால் ஒரு நிமிடத்தில் 3 லட்சம் தடவை ஏதோ ஒரு பல் மரத்தைத் தொடுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் நீ 3 மீட்டர் தள்ளினால், ஒரு பல்லுக்குக் கிடைப்பது 0.01 மில்லிமீட்டர் மரம். அதே வேகத்தில் 24 பல் பிளேடு போட்டிருந்தால் 0.025 மில்லிமீட்டர் கிடைக்கும். இரண்டுமே தலைமுடியைவிட மெல்லிசுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில்தான் உன் பிளேடின் ஆயுள் கிடக்கிறது. வாய் நிறையச் சோறு கிடைத்தால்தான் பல் மெல்லும். பருக்கை பருக்கையாகப் போட்டால் பல்லோடு பல் தேய்ந்துகொண்டிருக்கும். மரத்திலும் அதேதான்: சீவல் எடுக்காத பல் சும்மா இருக்காது, உரசும். உரசினால் சூடு, சூடானால் கருகல். கருகிய மரத்தின் பிசின் பல்லிலேயே ஒட்டிக்கொள்ளும், அது இன்னும் உரசும்.

இன்னொரு விஷயம், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளம். நீளவாக்கில் கிழிக்கும்போது தூள் நீள நீளமாக, நிறைய வரும். 60 பல் பிளேடில் அந்தப் பள்ளம் சுண்டு விரல் நகம் அளவுதான். தூள் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைத்துக்கொண்டு சுற்றும். பல் அதிகம் என்றால் பிளேடு உசத்தி என்று நினைத்து வாங்குகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது என் பட்டறைக்கு வருகிறார்கள். 60 பல், ப்ளைவுட்டைச் சிராய் இல்லாமல் நறுக்க. கட்டை மரத்தை நீளவாக்கில் கிழிக்க 24 பல். எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 40 பல் வாங்கு, ஆனால் அதனிடம் எதையும் அதிகமாக எதிர்பார்க்காதே.

தேக்குக்கும் இதில் பங்கு உண்டு. தேக்கு அறுக்க மெத்தென்று இருந்தாலும் உள்ளே மணல் சத்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்குத் தெரியும். அதனால் தேக்கில் வேலை செய்கிறவன் மற்றவர்களைவிடச் சீக்கிரம் சாணைக்கு வருவது நியாயம்தான். நாலு நாளில் வருவது நியாயமில்லை.

இனி அறுக்கும் விதம். நீ எழுதாவிட்டாலும் யூகிக்கிறேன், பிளேடை முழு ஆழத்துக்கு இறக்கி வைத்திருப்பாய். பலகைக்குக் கீழே கால் இஞ்ச் எட்டிப் பார்த்தால் போதும். சுவிட்சைப் போட்டதும் மரத்தில் வைக்காதே. முழு வேகம் வந்து சத்தம் ஒரே சீராக நிற்கட்டும், பிறகு தொடு. அப்புறம் காதை மிஷினிடம் கொடுத்துவிடு. சத்தம் கீழே இறங்கினால் நீ அதிகமாகத் தள்ளுகிறாய். மரத்தைத் தொடாதபோது இருந்த அதே கீச்சுக் குரலிலேயே ஓடினால் தள்ளவே இல்லை, சும்மா உரசிக்கொண்டிருக்கிறாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு கனத்த குரல் உண்டு. அதைப் பிடித்துவிட்டால் நடுவில் நிற்காமல் கடைசி வரை போ. பிளேடு சுற்றும்போதே நடுவழியில் நின்று பீடி பற்றவைக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நின்ற இடத்தில் வட்டமாக ஒரு கருகல் இருக்கும்.

கோட்டை விட்டு விலகினால் மிஷினை முறுக்கிக் கோட்டுக்குக் கொண்டுவராதே. பிளேடு என்பது மெல்லிய தகடு. பக்கவாட்டில் முறுக்கினால் தகட்டின் வயிறு மரத்தில் தேயும். நீ அனுப்பிய புகைப்படத்தில் பல்லுக்குக் கீழே நீலம் பூத்திருக்கிறதே, அது அந்தச் சூடு. எஃகு 300 டிகிரி வாக்கில் போகும்போதுதான் அப்படி நீலமாகும். நேரான ரீப்பர் ஒன்றைப் பலகை மேல் இரண்டு சி கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டியே மிஷினை ஓட்டு. நீளமான பலகையில் அறுத்த இடைவெளி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். இரண்டடி போனதும் மிஷினை நிறுத்தி ஒரு மர ஆப்பு செருகிவிட்டுத் தொடர். கவ்வினால் பிளேடு மட்டும் போகாது, மிஷின் எகிறி உன் மேலேயே வரும்.

நீலம் பூத்த அந்தப் பிளேடு தட்டையாக இருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பார். ஆடினால் சாணைக்குக் கொண்டுவராதே, காசு வீண். ஆடவில்லை என்றால் கொண்டுவா.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பட்டுப்போன சில்வர் ஓக் மரங்களைப் பவர் சாவால் அறுக்கிறோம். ஒரு மரம் முடிவதற்குள் செயின் மழுங்கிவிடுகிறது. வெட்டும் ஒரு பக்கமாக வளைந்து போகிறது. செயினை மாற்றிக்கொண்டே இருக்க முடியுமா?
— வாசகர், நாகலூர், ஏற்காடு

ஐயா, இதற்குப் பதில் எழுத நான் மலை ஏற வேண்டியதில்லை. போன மழைக்காலத்தில் உங்கள் பக்கத்து ஊர்த் தோட்டம் ஒன்றுக்கு இதே காரியமாகப் போய்விட்டு வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு பலாப்பழம் வேறு.

அங்கே என்ன பார்த்தேன் என்றால், காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக்கொடி. கொடியின் அடியில் மண் அணைத்திருந்தார்கள். மழைக்கு அந்தச் செம்மண் தெறித்து முட்டிவரை பட்டையின் வெடிப்புகளில் அப்பியிருந்தது. அறுக்கிற பையன் நேராக அந்த இடத்திலேயே செயினை வைத்தான். சில்வர் ஓக் ஒன்றும் இரும்பு மரமில்லை. அந்தச் செயினைத் தின்றது மண்தான். கொடுவாளால் வெட்டுகிற இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கிவிட்டு அறுக்கச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை. பையனுக்கு என் மேல் கோபம், முதலாளிக்குச் சந்தோஷம்.

இரண்டாவது, விழுந்த மரத்தைத் துண்டு போடும்போது. செயின் முக்கால் பாகம் இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மரத்தைப் புரட்டி, மீதியை மேலிருந்து அறுங்கள். ஒரே மூச்சில் கடைசி வரை போனால் முனை மண்ணில் ஒரு நொடி புதையும். அரை மணி நேரம் அரம் போட்டதெல்லாம் அந்த ஒரு நொடியில் போய்விடும். சரிவில் புரட்டும்போது மேட்டுப் பக்கம் நில்லுங்கள்.

மழுங்கியதா என்று அறியத் தூளைப் பாருங்கள். அவல் மாதிரி சில்லு சில்லாக விழுந்தால் கூர் இருக்கிறது. ரவை மாதிரி, மாவு மாதிரி விழுந்தால் உடனே நிறுத்துங்கள். மழுங்கிய செயினை அழுத்தி அழுத்தி ஓட்டினால் செயினோடு பட்டையும், அதாவது செயின் ஓடும் அந்த இரும்பு பாரும், சேர்ந்து போகும்.

வெட்டு வளைவது ஏன் என்றால், இடது பக்கப் பல்லும் வலது பக்கப் பல்லும் ஒரே நீளத்தில் இல்லை. அரம் போடுகிறவர் வலது கைக்காரராக இருந்தால் ஒரு பக்கம் இயல்பாக வரும், மறுபக்கம் கை ஓடாது. எண்ணிப் போடச் சொல்லுங்கள், இந்தப் பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும், இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். சாய்வு பெரும்பாலான செயின்களில் 30 டிகிரி. அரத்தின் கனம் செயினுக்குச் செயின் மாறும், 4, 4.8, 5.5 மில்லிமீட்டர் என்று வரும். வாங்கும்போது செயினைக் காட்டி வாங்குங்கள். பல்லுக்கு முன்னால் ஒரு சிறு திமில் இருக்கிறதல்லவா, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லைத் தேய்க்கத் தேய்க்கப் பல் தாழும், திமில் அப்படியே நிற்கும், அப்போது கூர் இருந்தும் கடிக்காது. நாலைந்து அரத்துக்கு ஒருமுறை தட்டை அரத்தால் அதையும் குறைக்க வேண்டும். பல் முனைக்கும் திமிலுக்கும் 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் பொதுவான அளவு. ஆசைப்பட்டு அதிகம் குறைத்தால் மிஷின் முரண்டு பிடித்துத் தூக்கி அடிக்கும்.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். டிராக்டரில் வடித்த கறுப்பு எண்ணெயைச் செயினுக்கு ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் துகள் மிதக்கிறது. எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, ஓடும் மிஷினின் முனையை ஒரு வெள்ளை அட்டைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் கோடு விழும். விழாவிட்டால் துளை அடைத்திருக்கிறது.

கேள்வி: வீட்டிலிருந்தே 6 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையில் பெயர்ப்பலகை எழுத்துகள் அறுத்து விற்கிறேன். ஜிக்சா பிளேடு வாரத்துக்கு ஒரு பாக்கெட் ஆகிறது. ‘ஜ’, ‘ஷ’ வந்தால் உடைந்தே போகிறது.
— வாசகி, அம்மாபேட்டை

அம்மா, தூக்கிப் போட்ட பிளேடு ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். மேலே ஒன்றேகால் இஞ்ச் மழுங்கியிருக்கும், கீழே மீதி எல்லாம் புதுசு போலக் குத்தும். ஜிக்சா மேலும் கீழும் போகும் தூரம் ஒரு இஞ்ச்தான், உங்கள் பலகையோ கால் இஞ்ச் கனம். ஆக எப்போதும் அதே சில பற்கள்தான் வேலை செய்கின்றன, மற்றவை காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன. மிஷினின் அடித்தட்டுக்குக் கீழே முக்கால் இஞ்ச் ப்ளைவுட் துண்டு ஒன்றை, நடுவில் பிளேடு போகும் வெட்டு விட்டு, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிடுங்கள். மிஷின் உயர்ந்துவிடும், புதுப் பற்கள் பலகைக்கு வரும். ஒரு பிளேடு கிட்டத்தட்ட இரண்டு பிளேடு ஆகும்.

‘ஜ’வில் உடைவது, வளைவில் திருப்புவதற்குப் பதிலாக முறுக்குவதால். அகலம் குறைந்த, வளைவுக்கான பிளேடு போடுங்கள். சுழிக்கு முன்னால் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நேர் வெட்டுகள் கொடுத்துவிட்டால், வளைந்து வரும்போது துண்டுகள் உதிர்ந்து இடம் கிடைக்கும். ஆர்பிட்டல் என்று ஒரு குமிழ் இருக்கும், அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். எம்டிஎஃப் தூள் ரொம்ப நைசு, அதில் பசையும் கலந்திருக்கிறது. முகமூடி இல்லாமல் வேண்டாம், அதுவும் குழந்தைகள் படுக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மரம் அறுக்கும் பிளேடை ஆங்கிள் கிரைண்டரில் போட்டு ஓட்டலாமா? நிறைய பேர் செய்கிறார்களே?
— வாசகர், ஆத்தூர்

கூடாது. எனக்கு இடது ஆள்காட்டி விரலில் ஒரு கணு குறைவு. அடுத்த கேள்விக்குப் போவோம்.

கேள்வி: பட்டறையில் வெண்ணெய் மாதிரி அறுக்கிற மிஷின், வீடு கட்டும் இடத்துக்குப் போனால் திணறுகிறது. அதே பிளேடு, அதே மரம்.
— வாசகர், மேட்டூர்

வயரைப் பாருங்கள். முப்பது மீட்டர் மெல்லிய வயரை இழுத்து, அதில் பாதியைச் சுருளாகவே விட்டிருப்பீர்கள். கரண்ட் வழியிலேயே இளைத்துவிடும், மிஷின் வேகம் இறங்கும், நீங்கள் பொறுமையிழந்து தள்ளுவீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்குங்கள், முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சென்ட்ரிங் பலகையை நறுக்க நல்ல பிளேடை எடுக்கிறீர்களா என்றும் ஒரு சந்தேகம். சிமெண்ட் ஒட்டிய பலகைக்கு என்று ஒரு கிழட்டு பிளேடைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்பைடு பல் பிளேடை எத்தனை தடவை சாணை பிடிக்கலாம்? வீட்டிலேயே அரம் போட்டால் என்ன? எதில் கழுவுவது?
— வாசகர், கொண்டலாம்பட்டி

அரம் போட்டால் அரம்தான் தேயும். கார்பைடுக்கு வைரச் சக்கரம் வேண்டும்.

உங்கள் ஊரைச் சுற்றிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன, அதனால் உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒவ்வொரு கார்பைடு பல்லும் தனித் துண்டு. எஃகுத் தகட்டில் வெள்ளி கலந்த பற்று வைத்துத்தான் ஒட்டியிருக்கிறார்கள், கொலுசில் வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுகிறார்களே, அதே வித்தை. பல் ரொம்பக் கெட்டி, ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். எஃகுப் பல் என்றால் வளையும், இது வளையத் தெரியாது. பிளேடை சிமெண்ட் தரையில் ‘டங்’கென்று போட்டால் முனை பெயரும். நான்கைந்து பிளேடை ஒரே ஆணியில் பல்லோடு பல் படும்படி மாட்டினாலும் அதேதான். நடுவில் அட்டை வையுங்கள்.

எத்தனை தடவை என்பது எப்போது கொண்டுவருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லேசாக மழுங்கியதும் கொண்டுவந்தால் நான் முடியளவு எடுத்தால் போதும். பல் உருண்டு போய்க் கொண்டுவந்தால் அந்த உருட்டு தீரும்வரை தேய்த்தாக வேண்டும். மூன்று சாணைக்கு வரவேண்டிய பல் ஒரே சாணையில் போகும். “இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம்” என்று ஓட்டுகிறவர்களால்தான் எனக்கு வருமானம். சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன்.

ஆனால் சாணைக்குக் கொண்டுவருமுன் கழுவிப் பாருங்கள். பாதிப் பிளேடுகள் மழுங்கவே இல்லை, பிசின்தான் பிடித்திருக்கிறது. பலா, மா, வேம்பு அறுத்தால் கட்டாயம் பிடிக்கும். வெந்நீரில் ஆப்பச்சோடா கரைத்துப் பழைய தாம்பாளத்தில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, தேய்ந்த டூத் பிரஷ்ஷால் பல்லின் பக்கவாட்டைத் தேயுங்கள். மண்ணெண்ணெயும் ஆகும். உடனே துடைத்து, மிஷின் எண்ணெயைத் தொட்டுத் தடவுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். திரும்ப மாட்டும்போது பிளேடை இறுக்கும் வளையத்துக்கு அடியில் தூள் இல்லாமல் துடையுங்கள். அங்கே ஒரு துணுக்குத் தூள் இருந்தால் பிளேடின் ஓரம் தள்ளாடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதெல்லாம்.

கேள்வி: மைக்கா ஒட்டிய ப்ளைவுட்டில் ஓரம் பெயர்கிறது.
— வாசகர், சூரமங்கலம்

கையில் பிடிக்கும் மிஷின் என்றால் மைக்கா கீழே இருக்கட்டும், பல் கீழிருந்து மேலே அறுக்கும். டேபிள் சா என்றால் மேலே இருக்கட்டும். அப்படியும் பெயர்ந்தால் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப். அப்படியும் பெயர்ந்தால் பிளேடு மழுங்கல்.

கேள்வி: தாத்தா கட்டிய வீட்டைப் பிரித்ததில் பழைய தேக்கு உத்தரங்களும் பனங்கைகளும் கிடைத்தன. அறுத்து மேஜை செய்ய ஆசை. ஆணி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், எடப்பாடி

பயம் நல்லது. பனையை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அந்தக் கறுப்பு நாரிலும் மணல் சத்து, தேக்கைவிடக் கொடுமை. பழைய பிளேடு, மெதுவான கை, அதிக ஆசை வேண்டாம்.

தேக்கு உத்தரத்துக்கு வருவோம். முதலில் கம்பி பிரஷ் போட்டு நூறு வருடத்துச் சுண்ணாம்பையும் புகையையும் சுரண்டுங்கள். பிறகு பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து அதன் காந்தத்தை எடுத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, நான்கு முகத்திலும் இஞ்ச் இஞ்சாக நகர்த்துங்கள். ஆணிக்குப் பக்கத்தில் வந்தால் நூல் சாயும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். காந்தத்துக்கு எட்டாத ஆழத்தில் தலை போன ஆணி இருக்கலாம். அதற்குக் கறையைப் பாருங்கள், மரத்தின் ரேகையோடு கறுப்பாக ஒரு வால் நீண்டிருந்தால் உள்ளே இரும்பு துருப்பிடித்திருக்கிறது. பித்தளைத் திருகும் செப்பு ஆணியும் காந்தத்துக்கு மசியாது. அவை மென்மை, பல்லை அவ்வளவாகக் கெடுக்காது.

இதை எல்லாம் நான் முன்யோசனையில் கற்றுக்கொள்ளவில்லை. சாணைக்கு வருமுன் தச்சு வேலை பார்த்த காலத்தில், சேலத்தில் குகை என்கிற பேட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டு உத்தரத்தை 12 இஞ்ச் புதுப் பிளேடில் விட்டேன். காலையில் பிரித்த பிளேடு. பத்து மணிக்கு ‘டிக்’ என்று ஒரு சத்தம், கல் தட்டிய மாதிரி. ஒரு ஆணிதானே என்று நிறுத்தாமல் ஓட்டினேன். பெயர்ந்த பல்லின் இடத்தில் அடுத்த பல் இரண்டு மடங்கு கடிக்க வேண்டி வந்து அதுவும் பெயர்ந்தது, அதற்கடுத்ததும். ‘டிக்’ என்றதுமே நிறுத்தியிருந்தால் ஒரு பல்லோடு போயிருக்கும், புதுப் பல் பற்றவைத்துக்கொண்டிருக்கலாம். பறந்த ஒரு துண்டு சுவரில் காலண்டரைக் கிழித்தது.

அந்தப் பிளேடு இப்போது பட்டறைச் சுவரில், கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. போன வாரம் ஒருவர் வந்து, நடுவில் முள் வைத்துக் கடிகாரமாகச் செய்துகொள்கிறேன், விலை சொல்லுங்கள் என்றார். மூன்று பல் இல்லையே என்றேன். பரவாயில்லை, அந்த இடத்தில் பன்னிரண்டை வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.